டியூபைச் சுற்றி ஈரமா?

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டையில் துளையிட்டு டியூப் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் சளி கசிந்து எந்நேரமும் ஈரமாக இருக்கிறது. வீட்டில் உள்ள காஸ் துணியை வெட்டி வைக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

கசிவைக் கண்டு பயப்பட வேண்டாம், அது சகஜம்தான். ஆனால் காஸை வெட்டி மட்டும் வைக்காதீர்கள். வெட்டிய ஓரத்தில் பிரியும் நூலிழை துளை வழியே மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். பஞ்சும் கூடாது.

சர்ஜிகல் கடையில் ‘டிரக்கியாஸ்டமி டிரெஸ்ஸிங்’ என்று கேளுங்கள். நடுவில் பிளவோடு, நூல் பிரியாதபடி தயாரித்தே வரும். சளி அதிகம் என்பதால் அப்பாவுக்கு ஃபோம் வகை நல்லது. பாலியூரித்தேன் நுரை ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். டியூபின் தகடு தோலில் அழுந்தாமலும் காக்கும்.

மாற்றும்போது ஒருவர் டியூபை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர், சலைனில் நனைத்த வெட்டாத காஸால் துடைத்து, தோலை ஒற்றி உலர்த்திவிட்டுப் புதியதைச் செருகட்டும். கழுத்து நாடாவுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

நாளுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள், நனைந்துவிட்டால் உடனே. ஈர டிரெஸ்ஸிங் கிடக்கக் கிடக்கத் தோல் வெளுத்து ஊறிப் புண்ணாகும். பவுடர் போடாதீர்கள்.

தோல் சிவந்தாலோ, நாற்றமோ பச்சை நிறக் கசிவோ தென்பட்டாலோ, அன்றைக்கே இ.என்.டி. டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.