எந்த வேலைக்கு எந்தக் கயிறு?

கயிறு வாங்கும்போது "எவ்வளவு எடை தாங்கும்?" என்று கேட்கிறோம். கூடவே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: இழுபட்ட கயிறு பழைய நீளத்துக்குத் திரும்புமா?

நைலான், பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலித்தீன் நான்குமே பாதிப் படிகப் பிளாஸ்டிக்குகள். அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் சில இடங்களில் வரிசையாக அடுக்கப்பட்டுப் படிகமாக இறுகியிருக்கும். இடைப்பட்ட இடங்களில் சுருண்டு கிடக்கும். லேசாக இழுத்தால் சுருண்ட பகுதி நீளும், விட்டால் சுருங்கிவிடும். அளவு மீறினால் படிக அடுக்குகளே சறுக்கி உடைந்து, இழுத்த திசையில் புதிதாக வரிசைகட்டும். அந்த நீட்சி தானாகத் திரும்பாது. பாலித்தீன் பையில் ஒரு பட்டையை வெட்டி மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் திடீரென ஒடுங்கும். ஒடுங்கிய பகுதி இருபுறமும் பரவும். கையை விட்டாலும் கொஞ்சம்தான் சுருங்கும்.

நேரமும் முக்கியம். சுமை சிறியதானாலும் நாள்கணக்கில் தொங்கினால் சங்கிலிகள் மெல்ல நழுவும். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டிலும் சுருண்ட பகுதி நம் ஊர் வெயிலில் இளகியே இருக்கும். பாலியெஸ்டரில் அது சுமார் 70 டிகிரி செல்சியஸ் வரை விறைப்பாக நிற்கும்.

நைலான்: திடீர் இழுப்புக்கு ஏற்றது. நன்றாக நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு திரும்பும். மலையேறும் கயிறுகள் இதில்தான் செய்யப்படுகின்றன. ஆனால் நீரை உறிஞ்சும். நனைந்தால் வலிமை சற்றுக் குறையும்.

பாலியெஸ்டர்: துணிக்கொடி, பந்தல் இழுகயிறு என எந்நேரமும் விறைப்பாக நிற்கவேண்டிய வேலைக்கு இதுவே முதல் தேர்வு. வெயிலையும் நன்றாகத் தாங்கும்.

பாலிப்ரொப்பிலீன், பாலித்தீன்: விலை குறைவு, நீரில் மிதக்கும். வாளி இறைக்க, மூட்டை கட்ட, மிதவை கட்டப் போதும். கொடியாகக் கட்டினால் தொய்ந்துகொண்டே போகும். வேறு வழியில்லையென்றால் தடிமனானதாக வாங்குங்கள். சுமை பரவுவதால் தொய்வு குறையும்.

நைலான் என்று கேட்டால் பாலிப்ரொப்பிலீனைத் தரும் கடைகளும் உண்டு. ஒரு துண்டை வாளி நீரில் அழுத்தி, காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை பிசைந்துவிடுங்கள். மிதந்தால் அது நைலானும் இல்லை, பாலியெஸ்டரும் இல்லை. மூழ்கும் இரண்டில், கையால் இழுக்கும்போது அதிகம் நீள்வது பெரும்பாலும் நைலான். உயிர் தொங்கும் வேலைக்கு இந்தச் சோதனை போதாது. தரச்சான்று பெற்ற கயிற்றை மட்டுமே வாங்குங்கள்.