அட்ரஸ் புக்கே போச்சு சார்!

அலுவலகங்களில் ஹெல்ப் டெஸ்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: சர்வரும் நெட்வொர்க்கும்தான் கஷ்டம் கொடுக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். உங்களை அதிகம் அலையவிடப்போவது மெயிலில் இருக்கும் அட்ரஸ் புக். சில விஷயங்களை இப்போதே தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

1. முதல் கேள்வி, "எந்த அட்ரஸ் புக்?"

வெளியே ஒரு பெயர்தான். உள்ளே நான்கு இடங்கள். ஒருவர் தானே சேர்த்து வைத்த காண்டாக்ட்ஸ் ஒன்று. மெயில் அனுப்ப அனுப்ப மென்பொருள் தானாகச் சேர்த்துக்கொண்டவை இன்னொன்று. தண்டர்பேர்டில் இதற்குக் கலெக்டட் அட்ரஸஸ் என்றும், ஜிமெயிலில் அதர் காண்டாக்ட்ஸ் என்றும் பெயர். அலுவலகம் முழுவதற்குமான பொதுப் பட்டியல் மூன்றாவது. நான்காவது, அவுட்லுக்கில் டூ பெட்டியில் இரண்டெழுத்து அடித்ததும் எட்டிப் பார்க்கும் பெயர்கள். பெரும்பாலோர் அட்ரஸ் புக் என்று நம்பிக்கொண்டிருப்பது இந்த நான்காவதைத்தான். கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுத்த மறுநாள் "எல்லாம் போச்சு" என்று போன் வந்தால், காண்டாக்ட்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது அநேகமாகப் பத்திரமாக இருக்கும்.

2. காப்பி எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் வழியாகப் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்டர்பேர்டை முழுவதுமாக மூடிவிட்டு அந்த ஃபோல்டரைக் காப்பி எடுங்கள். 'ஏபுக்' என்று தொடங்கும் எஸ்கியூலைட் ஃபைல் சொந்த முகவரிகள். 'ஹிஸ்டரி' என்பது தானாகச் சேர்ந்தவை. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்புக்கு முந்தைய தண்டர்பேர்ட் என்றால் இவை எம்ஏபி ஃபைல்களாக இருக்கும்.

3. அவுட்லுக்கின் டூ பெட்டியில் பழைய முகவரி மறுபடி மறுபடி வந்து நின்றால், அந்த ஒன்றை மட்டும் எடுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போதும். மொத்தப் பட்டியலையும் காலி செய்தால் அடுத்த ஒரு மாதத்துக்கு உங்களுக்குத்தான் போன் வரும். 'என்கே2 ஃபைலை அழி' என்று யாராவது யோசனை சொன்னால், அது அவுட்லுக் 2007 வரைக்கும்தான். 2010 முதல் இந்தப் பட்டியல் அந்த ஃபைலில் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் சர்வர் உள்ள அலுவலகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவருடைய மெயில் பெட்டியை அழித்துவிட்டு அதே முகவரியில் புதிதாக உருவாக்கியிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் மெயில் அவருக்குப் போகும்; பக்கத்து சீட்டிலிருந்து அனுப்பினால் திரும்பி வரும். காரணம், அவுட்லுக் நினைவில் வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியும் முகவரியை அல்ல, சர்வரின் உள் முகவரியை. அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் பொதுப் பட்டியலிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பலருக்கும் இதே தொல்லை என்றால், பழைய உள் முகவரியை எக்ஸ்500 முகவரியாகப் புதுப் பெட்டியில் சேர்க்கும்படி அட்மினிடம் கேளுங்கள்.

4. திரும்பி வந்த மெயிலைப் படியுங்கள்.

யாரும் படிப்பதில்லை, காரணம் அதிலேயே எழுதியிருக்கும். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 5.7.1 என்றால் அனுப்ப அனுமதி இல்லை. முதலாவது மட்டும்தான் அட்ரஸ் புக் சமாசாரம். அப்போது முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கமா, கடைசியில் ஒட்டிக்கொண்ட புள்ளி, 'காம்' என்பதில் ஓர் எழுத்துக் குறைவு.

5. புதிதாகச் சேர்ந்தவர் பெயர் பட்டியலில் வரவில்லையா? பதற வேண்டாம்.

அவுட்லுக் பொதுப் பட்டியலின் நகல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு சுமார் நாளுக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கும். பிரவுசரில் மெயிலைத் திறந்து தேடுங்கள். அங்கே பெயர் இருந்தால் சர்வரில் குறை இல்லை. சென்ட் ரிசீவ் பகுதியில் டவுன்லோட் அட்ரஸ் புக் கொடுத்துப் பாருங்கள்; சர்வர் புதுப் பட்டியலைத் தயாரித்திருந்தால் உடனே வரும், இல்லாவிட்டால் மறுநாள் வரும்.

6. காண்டாக்ட்ஸில் பெயர் இருக்கிறது, அட்ரஸ் புக்கில் தெரியவில்லை என்றால் ஒரு டிக்தான் குறை.

அவுட்லுக்கில் அந்த ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், அவுட்லுக் அட்ரஸ் புக் என்ற தாவலில் இதை அட்ரஸ் புக்காகக் காட்டு என்பதை டிக் செய்யுங்கள்.

7. சிஎஸ்வி ஃபைலை எக்ஸெலில் டபுள் கிளிக் செய்யாதீர்கள்.

முகவரிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது நடக்கும் பெரும்பாலான நாசம் இங்கேதான். தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகிவிடும். போன் நம்பரின் முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போகும். 91 சேர்த்த பன்னிரண்டு இலக்க நம்பர், 9.19 என்பதுபோலத் தொடங்கி நடுவில் 'ஈ' எழுத்துடன் சுருங்கி நிற்கும். அப்படியே சேவ் செய்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவாருங்கள்; யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, போன் நம்பர் உள்ள பத்தியை டெக்ஸ்ட் ஆக்குங்கள். விகார்டாக மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பல பேர் அடங்கிய விகார்டைப் பழைய அவுட்லுக்கில் கொடுத்தால் முதல் ஆள் மட்டுமே உள்ளே வருவார்.

8. இனிஷியலுக்கு ஒரு விதி வையுங்கள்.

இந்த மென்பொருள்கள் குடும்பப் பெயர் உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தவை. முருகன் என்ற பெயரை ஒருவர் முன்பெயர்ப் பெட்டியில் போடுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார். அகரவரிசையில் ஆள் அகப்படமாட்டார். பெயர் முன்பெயரில், இனிஷியல் பின்பெயரில் என்று அலுவலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் சேர்த்த பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் கிடைக்காது. தண்டர்பேர்டில் பட்டப்பெயர்ப் பெட்டியில் தமிழ் வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள்.

9. ஒரே பெயர் இரண்டு மூன்று முறை வந்தால், அழிப்பதற்கு முன் சிங்க்கை நிறுத்துங்கள்.

இங்கே அழித்தால் போனிலும் அழியும். கூகுள் காண்டாக்ட்ஸில் அழித்தவை 30 நாள் டிராஷில் இருக்கும். மொத்தப் பட்டியலையும் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகவும் அதே 30 நாள்தான் அவகாசம்.

10. குரூப்பைத் தனியாகப் பாருங்கள்.

அவுட்லுக்கில் காண்டாக்டின் முகவரியை மாற்றினால் குரூப்பில் தானாக மாறாது. குரூப்பைத் திறந்து அப்டேட் நௌ அழுத்த வேண்டும்.

11. வேலை முடிந்ததும் நகல்களை அழியுங்கள்.

டெஸ்க்டாப்பிலும் பென் டிரைவிலும் நீங்கள் விட்டுவிட்டு வரும் சிஎஸ்வியில் இருப்பவை, உங்களிடம் எதையும் தராத நூற்றுக்கணக்கானவர்களின் போன் நம்பர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உரியவர் பார்த்துச் சொன்னபின், அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டு எழுந்திருங்கள்.