'பலவீனமான அங்கத்தினர்' யார்?

தவணை தவறியோர் பட்டியலை நிர்வாகக் குழு பரிசீலிக்கும்பொழுது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொல் விழுவதை நாம் கேட்டிருக்கிறோம். 'இவர் சோம்பல்', 'அவருக்குக் கை ஓடாது', 'ஆள் பலவீனம்'. சொல் விழுந்தவுடன் விசாரணையும் முடிந்துவிடுகிறது. அச்சொல் ஒருவருடைய உடம்பைக் குறிக்கிறதா, குணத்தைக் குறிக்கிறதா, அல்லது அவர் நிற்கும் இடத்தைக் குறிக்கிறதா என்று இங்கே சற்று ஆராய்வோம்.

தறியிலிருந்தே தொடங்கலாம். முற்காலத்தில் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் ஏந்தி நெய்தார்கள். ஆகையால் துணியின் அகலம் நெய்பவரின் கை எட்டும் அளவைத் தாண்ட இயலாது. தாண்ட வேண்டுமானால் பக்கத்துக்கு ஒருவராக இருவர் அமர வேண்டும். கை குட்டையானவருக்கு அகலத் துணியின் கூலி எட்டாது. அன்றைய நிலையில் அது மெய்யான பலவீனமே; கூலியில் தெரியும் பலவீனம். 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர், கயிற்றைச் சுண்டி இழுத்தால் நாடா தானே குறுக்கே ஓடும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்து நெசவாளரிடையே அது பரவ இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. பரவிய பின் அந்தப் பலவீனம் எங்கே போயிற்று? எவருடைய கையும் ஓர் அங்குலம்கூட வளரவில்லை! நமக்கு அண்மையிலுள்ள சென்னிமலையில், 1941இலேயே நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கண்ட அவ்வூரில், படுக்கை விரிப்பை ஒருவரே தனித்து நெய்கிறார். அவருடைய கை நீளத்தை யாரும் கேட்பதில்லை. குறை கையில் இல்லை. கைக்கும் தறிக்கும் இடையில் இருந்தது.

வயது முதிர்ந்த நெசவாளரின் சங்கதியும் இத்தகையதே. அறுந்த பாவு இழையைத் தேடிப் பிணைக்கத் தாமதம் ஆகிறது. துணியில் பழுது விழுகிறது. 'கை போய்விட்டது' என்கிறோம். போனது பெரும்பாலும் கிட்டப் பொருளைக் காணும் பார்வை. நாற்பதைக் கடந்த யாவர்க்கும் வருவது. 2018இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டமொன்றில் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதலில் மூக்குக்கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பறித்த இலையின் எடை மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. தேயிலை வேறு, தறி வேறுதான். ஆயினும் இழையைத் தேடுவது இலையைத் தேடுவதைவிட நுணுக்கமான வேலை அன்றோ?

இனி விவசாய அங்கத்தினர். கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆவணியை ஒட்டி நஞ்சைப் பயிருக்கும், மற்றதற்குத் தையை ஒட்டிப் புஞ்சைப் பயிருக்கும் தண்ணீர் விடுவது முறை. அடுத்த ஆண்டு முறை மாறும். கடன் தவணை மாசியில் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நெல் அறுத்துப் பணத்தோடு வருகிறார். அடுத்த மதகுக்காரரின் நிலக்கடலை இன்னும் காட்டில் நிற்கிறது. பேரேட்டில் முன்னவர் நாணயஸ்தர், பின்னவர் தவறியவர். மறு வருஷம் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். மனிதருடைய குணம் மதகின் எண்ணைப் பார்த்தா மாறும்?

இதனால் தனி மனிதரின் குறை என்பதே கிடையாது என்று நாம் சாதிக்க வரவில்லை. நெல் விற்ற பணத்தைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டுக் கைவிரிப்பவரும் உண்டு. அவருக்காக வாய்க்காலை நொந்து பயனில்லை. ஆனால் எல்லாப் பெயரையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே சொல்லால் அழைக்கும் வரையில் அவருக்குத்தான் சௌகரியம், கூட்டத்தில் மறைந்துகொள்கிறார். நட்டம் மற்றவருக்கு. 'நான் பலவீனன்' என்று தாமே நம்பத் தொடங்கியவர் மகாசபைக்கு வருவதை நிறுத்துகிறார். பிறகு வட்டிக்கடைத் திண்ணையில்தான் அவரைக் காண முடியும்.

ஆகவே அடுத்த பட்டியல் எழுதும்பொழுது, பெயருக்கு எதிரே மதகு எண், அறுவடை மாதம், தறியின் வகை, வயது, கண்ணாடி உண்டா இல்லையா என்ற கட்டங்களையும் சேர்த்துக் கோடு போடும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அறுவடைக்கு முந்திய தவணைகளை நிர்வாகக் குழு தனியே எடுத்துப் பரிசீலிக்கட்டும். கண்ணாடிக் கட்டம் காலியாயுள்ள நாற்பது வயதுக்காரர்களைக் கண் பரிசோதனைக்கு அனுப்பலாம். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை.