தேரியும் திணையும்: வள்ளியூர் – குட்டம் நிலப்பகுதியில் பாலையின் உருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில் மகேந்திரகிரி மலைக்கும் உவரிக் கடற்கரைக்கும் இடையே ஏறத்தாழ 45 கி.மீ. அகலமுள்ள நிலத்தில் மலை, சமவெளி, செம்மணல் தேரி, கடற்கரை ஆகியவை அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றுள் தேரி, பாலை பற்றிய இலக்கண, இலக்கிய வரையறைகளை மறுபரிசீலனை செய்யத் தூண்டுவது. நிலவியல், தொல்லியல், வழிபாட்டு மரபு ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டு தேரியின் திணைநிலையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேரி, பாலை, நுண்கற்கருவி, தருவை, சுனை, வள்ளியூர்.

முன்னுரை

தொல்காப்பியம் நால்வகை நிலங்களுக்கே தெய்வமும் பெயரும் வகுக்கிறது. நடுவணதாகிய பாலைக்குத் தனிநிலம் கூறவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையோ முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து பாலை வடிவம் கொள்ளும் என்கிறது. இதனடிப்படையில் பாலை என்பது பருவத்தால் நேரும் தற்காலிகத் திரிபு என்று கொள்வது பெருவழக்கு. வள்ளியூரிலிருந்து கிழக்கே குட்டம் நோக்கிச் செல்லும் களப்பயணம் இக்கருத்தை விரித்துக் காண இடமளிக்கிறது. குட்டத்திலும், அதற்கு வடகிழக்கே குதிரைமொழித் தேரியிலும் காணப்படும் வறள்நிலம் ஒரு வேனிலில் தோன்றி மறைவதன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருப்பது.

மலையும் காற்றும்

மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. சார்னோகைட், கார்னெட் கலந்த நைஸ் முதலிய தொன்மைப் பாறைகளே இம்மலைப்பகுதியின் அடித்தளம். சமவெளியில் தனித்து நிற்கும் பாறைக்குன்றுகள், சுற்றியிருந்த நிலம் அரிக்கப்பட்டபின் எஞ்சியவை. வள்ளியூர் முருகன் கோயில் அத்தகைய குன்றைக் குடைந்து அமைந்தது. குறிஞ்சித் தெய்வம் மலைத்தொடரை விட்டு நீங்கிச் சமவெளியில் வீற்றிருப்பதற்கு இந்நிலவியல் எச்சமே இடம் தந்துள்ளது. ஐவர் ராசாக்கள் கதையில் குலசேகரபாண்டியனின் கோட்டையாக வள்ளியூர் பேசப்படுவதும் நினைக்கத்தக்கது.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குப் பக்கத்தில் பெய்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட பெருங்காற்றாக இச்சமவெளியில் நுழைகிறது. முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் பெருகியதற்கும் கடற்கரையை ஒட்டித் தேரி உருவானதற்கும் காரணம் இவ்வொரே காற்று.

தேரியின் தோற்றம்

தேரி மணல் பெரும்பாலும் படிகத் துகள்களால் ஆனது. துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு அதற்குச் செந்நிறம் தருகிறது. கார்னெட், இல்மனைட் முதலிய கனிமங்களும் அதில் கலந்துள்ளன. இம்மணல் வந்த வழி குறித்து இருவகை விளக்கங்கள் உள. மலையடிவாரச் செம்மண்ணைக் காற்று அள்ளிக் கொணர்ந்தது என்பது ஒன்று. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் வெளிப்பட்ட கடற்கரை மணல் காற்றால் குவிக்கப்பட்டுப் பின்னர்ச் சிவந்தது என்பது மற்றொன்று. 2012ஆம் ஆண்டு வெளியான ஒளிர்வுக் காலக்கணிப்பு ஆய்வு, கடலோரச் செம்மணல் படிந்த காலத்தை ஏறத்தாழ 11,400 முதல் 5,600 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் காட்டுகிறது.

எவ்விளக்கத்தைக் கொண்டாலும் திணைநோக்கில் ஒரு முடிவு பெறப்படுகிறது. மலைப்பாறை சிதைந்து மணலாகிறது. ஆறும் கடலும் அதனைக் கொண்டு சேர்க்கின்றன. மலை இடைவெளியில் புகும் காற்று அதனைக் குவிக்கிறது. ஆகவே இங்குள்ள பாலை, முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் திரிந்தது மட்டுமன்று. குறிஞ்சியின் கல்லும் காற்றும் நெய்தலின் விளிம்பில் கூடி ஆக்கியது. வடக்கே தாமிரபரணியின் வண்டல் நிலத்தைக் கடல்நோக்கி நகர்த்தி, கொற்கைத் துறைமுகத்தை உள்நாட்டு ஊராக்கி, மருதத்தை விரித்தது. தெற்கே நம்பியாறு, கருமேனியாறு போன்ற சிற்றாறுகளே உள்ளமையால் மணலின் ஆட்சி நிலைத்தது.

மாந்தர் வாழ்வின் சான்றுகள்

தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைச் சாயர்புரம், குட்டம் உள்ளிட்ட இடங்களின் சான்றுகளுடன் சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் விரிவாக வெளியிட்டனர். படிகக்கல்லிலும் செர்ட் கல்லிலும் செய்யப்பட்ட பிறைவடிவக் கருவிகள், கூர்முனைகள், அம்புமுனைகள் இவற்றுள் அடங்கும். பண்டைய கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு இவற்றுக்கு ஏறத்தாழ கி.மு. 4000 என அவர்கள் காலம் கணித்தனர். வேட்டையும் மீன்பிடிப்பும் சார்ந்த மக்கள் மணற்குன்றுகளிடையே தங்கினர் என்பது இதனால் விளங்கும்.

வறண்ட மணலில் மாந்தர் தங்கியதற்கு நீரே அடிப்படை. தேரியில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை பெரிதும் வழிந்தோடாமல் மணலுக்குள் இறங்குகிறது. அடிவாரத்தில் ஊற்றாகக் கசிகிறது. தாழ்நிலங்களில் தேங்கும் நீர்நிலை ‘தருவை’ எனப்படும். புத்தன்தருவை, வைரவன்தருவை என்னும் ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் என்று தெய்வம் பெயர் பெற்றிருப்பது நிலநீரைக் காப்பதே வழிபாடாகியதைக் காட்டுகிறது. தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர் வெட்டு விழாவில் அடியவர் தேரி மணலையே அருட்பொருளாக அள்ளிச் செல்வர். மறுபுறம், மணல் ஊரை மூடிய அச்சமும் நினைவில் நிற்கிறது. சொக்கன்குடியிருப்பு அதிசய மணல் மாதா ஆலயத்தைச் சார்ந்த வழிவழிச் செய்தி அத்தகையது. மணலைப் பற்றி நிறுத்தியும் பதநீரும் கருப்பட்டியும் தந்தும் இந்நிலத்தில் வாழ்வை இயல்வித்தது பனை.

முடிவுரை

தேரி மேற்பரப்பில் பாலை, உள்ளே நீர்நிலம். அதனைத் ‘தரிசு’ என்னும் ஒற்றைச் சொல்லால் குறிப்பது நிலவியலுக்கும் பொருந்தாது, திணைமரபுக்கும் பொருந்தாது. அச்சொல்லின் விளைவு சொல்லளவில் நிற்பதுமன்று. பயனற்றது எனக் கருதப்படும் நிலம் எளிதில் தோண்டப்படுகிறது, சமப்படுத்தப்படுகிறது. நுண்கற்கருவிகள் மணலின் மேற்பரப்பிலும் மேலடுக்கிலும் கிடப்பவை. ஒருமுறை மணல் புரட்டப்பட்டால் அவற்றின் கிடைநிலைச் சான்று மீளாது. மணல் அகற்றப்படுமிடத்தில் சுனைக்கு நீர் சேரும் வழியும் குறையும். எனவே தருவை, சுனை, கருவிகள் கிடைக்கும் இடம், அய்யனார் கோயில் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் பதிவுசெய்வது தமிழியலும் நிலவியலும் இணைந்து உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்ற தொல்காப்பிய நெறி, பல்லாயிரம் ஆண்டு நிலவியற் காலத்தையும் ‘பொழுது’ என்பதனுள் அடக்கி நோக்குமாயின், பாலைக்கும் தனக்குரிய நிலம் உண்டு என்பதைத் தேரி காட்டும்.