பச்சோந்திக் குஞ்சைக் குடியமர்த்தும் முறை



வளர்ப்புப் பிராணி என்றால் நாய், பூனை, கோழி, புறா என்றிருந்த காலம் ஒன்று. இன்று கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரங்களில் பச்சோந்தி வளர்ப்போரும் உளர். அதனைக் கண்ட பிள்ளைகள் தமக்கும் ஒன்று வேண்டுமெனக் கேட்பது இயல்பே. ஆனால் பச்சோந்திக் குஞ்சு மிக மென்மையான உயிர். பசித்தால் அது குரைக்காது, தாகமெடுத்தால் கத்தாது. வளர்ப்பவர் கண்ணால் கற்றுக்கொண்டால் மட்டுமே அது பிழைக்கும். ஆகவே, அதனைக் குடியமர்த்தும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

1. பச்சோந்தியும் ஓணானும்

நம் தோட்டத்துச் செம்பனை மரத்தடியிலும் வேலியோரத்திலும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் உயிரைப் பலர் பச்சோந்தி என்பர். மலாய் மொழியில் அது 'சும்பா-சும்பா' எனப்படும். உண்மையில் அது ஓணான் இனத்தைச் சேர்ந்தது. ஓணானும் ஓரளவு நிறம் மாறுவதால் இப்பெயர் மயக்கம் நேர்ந்தது.

உண்மைப் பச்சோந்தி மலேசியக் காடுகளில் இயற்கையாக வாழ்வதில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் ஓரினம் உண்டு. மிகப் பல இனங்கள் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கர் தீவிலும் வாழ்கின்றன. வளர்ப்பதற்கென உலகெங்கும் மிகுதியாக விற்கப்படுவது, தலையில் உயர்ந்த கொண்டையுடைய ஏமன் நாட்டுப் பச்சோந்தியாகும். இரு பிரிவாகி இடுக்கிபோல் கிளையைப் பற்றும் விரல்கள், தனித்தனியே சுழலும் கண்கள், உடலினும் நீண்டு பாயும் நாக்கு ஆகியவை பச்சோந்தியின் அடையாளங்கள்.

கொள்கை மாறுவோரைப் 'பச்சோந்தி' என்று இகழ்கிறோம். இது அவ்வுயிருக்கு நாம் இழைக்கும் அநீதி. அது நிறம் மாறுவது பெரும்பாலும் அச்சம், சினம், குளிர், வெப்பம் ஆகியவற்றால்தான். தோலில் உள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்பதை ஜெனிவாப் பல்கலைக்கழக அறிஞர்கள் 2015ஆம் ஆண்டில் விளக்கினர். வாயில்லாத அவ்வுயிருக்கு நிறமே மொழி.

2. வாங்குமுன் செய்ய வேண்டுவன

பச்சோந்தி இனங்களுள் பெரும்பாலானவை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கைக்கு உட்பட்டவை. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 நடைமுறையில் உள்ளது. எனவே வாங்க எண்ணுவோர் முதலில் 'பெர்ஹிலித்தான்' எனப்படும் வனவிலங்குத் துறையினரை அணுகி, உரிமம் பற்றிக் கேட்டறிதல் வேண்டும். உரிய ஆவணம் காட்டாத விற்பனையாளரிடம் வாங்குதல் ஆகாது.

பெற்றோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் நலம். குஞ்சின் விலையோடு செலவு முடிவதில்லை. கூண்டு, விளக்கு, அன்றாட இரை, மருத்துவம் என அது தொடரும். குடும்ப வருவாய் இடந்தராவிடில் வாங்காதிருப்பதே அவ்வுயிருக்குச் செய்யும் நன்மை.

3. வீடு அமைத்தல்

தோட்டம் மூடப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறிச் சென்ற குடும்பங்கள் நன்கறியும்: நான்கு சுவர் இருந்தால் மட்டும் அது வீடாகிவிடாது. காற்றும் நீரும் நிழலும் பழகிய சூழலும் வேண்டும். பச்சோந்திக்கும் அப்படியே. ஆதலால் குஞ்சு வருமுன்னரே கூண்டு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

கண்ணாடிப் புட்டியும் மைலோ டின்னும் அதற்கு ஏற்றவையல்ல. காற்றோட்டமுள்ள வலைக்கூண்டே சிறந்தது. வலையின் கண்கள் இரைப்பூச்சி தப்பிச் செல்லாத அளவு சிறியனவாக இருக்கட்டும். குஞ்சுக்கு முதலில் சிறு கூண்டு போதும். மிகப் பெரிதாயின் இரையைத் தேடி இளைத்துவிடும். உள்ளே மெல்லிய குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மருந்து தெளிக்காத செடியொன்றை வைக்கவேண்டும். நம் தேசிய மலராகிய செம்பருத்தியே இதற்கு மிகவும் ஏற்றது. இலை மறைவு இருந்தால்தான் குஞ்சின் அச்சம் தணியும்.

எலும்பு உறுதிபெறப் புறஊதாக் கதிர் தேவை. இளங்காலை வெயில் அதனைத் தரும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் தராது. வெயில் கிட்டாத வீடுகளில் இதற்கெனத் தனி விளக்கு வேண்டும். நம் நாட்டில் குளிரைவிட வெப்பமே பெரிய பகை. நண்பகலில் தகரக் கூரையின்கீழ் கூண்டை வைத்தால் குஞ்சு மாண்டுவிடும். ஆகவே எப்போதும் ஒதுங்க நிழல் இருத்தல் வேண்டும்.

எறும்பு ஏறாதிருக்கக் கூண்டின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துக. அந்நீரில் ஏடிஸ் கொசு பெருகாதவாறு அடிக்கடி மாற்றுக. டிங்கிக்குப் புகைமருந்து அடிக்கும் நாளில் கூண்டை அப்பால் கொண்டுசெல்க. கொசுவத்திப் புகையும் அருகில் ஆகாது.

4. நீரும் இரையும்

கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பொதுவாகக் குடிப்பதில்லை. இலைமேல் நிற்கும் துளிகளையே நக்கிக் குடிக்கும். ஆகவே காலையும் மாலையும் இலைகளின்மீது தூய நீரை நுண்துளியாகத் தெளித்தல் வேண்டும். அடுத்த தெளிப்புக்குள் இலைகள் உலர்ந்துவிட வேண்டும். எப்போதும் ஈரமாயிருந்தால் நோய் உண்டாகும்.

மலாயில் 'செங்கெரிக்' எனப்படும் சுவர்க்கோழிப் பூச்சியின் குஞ்சுகளும் சிறு பழ ஈக்களும் நல்ல இரையாகும். பூச்சி, பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தினும் பெரிதாக இருத்தல் கூடாது. குஞ்சுக்கு நாள்தோறும் இரையிடுக. இரையின்மீது சுண்ணாம்புச் சத்துத் தூளை இலேசாகத் தூவுக. தின்னாது எஞ்சிய பூச்சிகளை இரவில் அகற்றுக. அவை உறங்கும் குஞ்சைக் கடிக்கக்கூடும்.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றை மறவாதீர்கள். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த இடத்தில் பிடித்த பூச்சி, இரையன்று, நஞ்சு.

5. முதல் இரண்டு வாரங்கள்

முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை முதல்நாள் அன்னையின் கையை விடாது அழுவதைப் பார்த்திருக்கிறோம். அப்போது பலரும் சூழ்ந்து நின்றால் அழுகை மிகும். பச்சோந்திக் குஞ்சின் நிலையும் அதுவே. முட்டையிலிருந்து வெளிவந்த நாள்முதல் தாயின் துணையின்றித் தனித்து வாழும் உயிர் அது. தன்னை நோக்கி வருவதெல்லாம் தன்னைத் தின்ன வருவதாகவே அஞ்சும்.

ஆகவே முதல் இரு வாரம் அதனைக் கையில் எடுக்கலாகாது. ஆள் நடமாட்டமும் தொலைக்காட்சி ஒலியும் மிகுந்த இடத்தில் கூண்டை வைத்தல் தவறு. தரையில் வைக்காமல் உயரத்தில் வைக்கவேண்டும். உயரத்தில் இருப்பதே அதற்குப் பாதுகாப்புணர்ச்சி தரும். மேலிருந்து கை நீட்டினால் பருந்து பாய்வதாக எண்ணி நடுங்கும். ஒரு கூண்டில் ஒன்றையே வளர்க்கவேண்டும். துணைக்கு மற்றொன்று வேண்டும் என்பது நம் எண்ணமேயன்றி, அதன் விருப்பமன்று. பிள்ளைகள் எட்ட நின்று பார்த்து, அது உண்ட இரையையும் காட்டிய நிறத்தையும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவரலாம். கூண்டைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். ஊர்வனவற்றிடமிருந்து வயிற்றுநோய்க் கிருமி தொற்றக்கூடும்.

பகலில் கண் மூடியிருத்தல், கண் குழிவிழுதல், நெடுநேரம் கறுத்திருத்தல், இரை மறுத்தல், கிளையைப் பற்ற இயலாது விழுதல் ஆகியவை நோயின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாது விலங்கு மருத்துவரை நாடுக. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவமனை உண்டு.

6. வெளியே விடலாகாது

வளர்க்க இயலாதபோது அதனைக் காட்டில் விட்டுவிடலாமே என்று எண்ணுவோர் உளர். 1972இல் ஹவாய்த் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் பச்சோந்திகள் ஒரு தோட்டத்தில் விடப்பட்டுப் பெருகின. அவை அங்குள்ள அரிய பூச்சிகளையும் நத்தைகளையும் இன்றும் தின்று வருகின்றன. வளர்க்க முடியாதவர் வனவிலங்குத் துறையினரிடம் தெரிவிப்பதே முறை.

மாணவர்களே! பச்சோந்தி கிடைக்கவில்லையே என வருந்தவேண்டா. நம் வேலியோரத்து ஓணானும் கண்டு களிக்கத்தக்க உயிரே. அதன்மேல் கல்லெறியாமல், பிடித்துப் புட்டியில் அடைக்காமல், பத்து நிமிடம் அசையாது நின்று நோக்குங்கள். அதற்கு வீடு அமைக்கும் வேலை நமக்கில்லை. இருக்கும் வீட்டை அழிக்காதிருந்தால் போதும்.

பயிற்சி வினாக்கள்

1. ஓணானிலிருந்து பச்சோந்தியைப் பிரித்தறிவது எவ்வாறு?
2. பச்சோந்தி நீர் அருந்தும் முறை யாது?
3. முதல் இரு வாரம் குஞ்சைக் கையில் எடுக்கலாகாது, ஏன்?
4. மருந்து தெளித்த இடத்துப் பூச்சியை இரையாக இடலாமா? காரணம் கூறுக.
5. உங்கள் வீட்டருகே உள்ள ஓணானை ஒரு வாரம் நோக்கி, கண்டவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.