விளையாட்டின் நடுவே அணைந்துபோகும் மடிக்கணினி: காரணமும் பரிகாரமும்



ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னபோது கவிதைதான் எழுத நினைத்தேன். வரவில்லை. அதனால் என் கைப்பட்ட ஒரு வேலையைப் பற்றியே எழுதுகிறேன். நம்மில் பலரிடம் பழைய லேப்டாப்தான் இருக்கிறது. ஆட்டோகேட் திறந்தால் ஓடும், படம் பார்த்தால் ஓடும். கேம் போட்டால் மட்டும் பொசுக்கென்று அணைந்துவிடும். இதற்கு என்ன காரணம், நாமே என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

என் அனுபவம்

என் லேப்டாப், அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து 22,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த பழைய மெஷின். படிப்புக்கு என்றுதான் கேட்டேன். கேமும் ஆடினேன், மறைக்கவில்லை. கோடை விடுமுறையில் ஒருநாள் ஆடும்போது அணைந்தது. அப்புறம் தினமும் அணைய ஆரம்பித்தது. கடைக்குக் கொண்டுபோனால், திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போயிருச்சு, 7,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். அது சரியா தப்பா என்று கேட்டுச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. குழுக் கடனே இன்னும் ஆறு தவணை பாக்கி. அம்மாவிடம் எப்படிச் சொல்ல?

லேபில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, உனக்கு எந்த ஊரு?"

"சத்திரப்பட்டிண்ணே."

"வீட்டுல தறி ஓடுதா?"

"ஓடுதுண்ணே. பேண்டேஜ் துணி."

"அப்ப போர்டை விடு. முதல்ல ஃபேனைத் திறந்து பாரு."

கேம் ஆடும்போது மட்டும் ஏன்?

இதற்கு நாம் படித்த பாடமே பதில் சொல்கிறது. செயலி எடுக்கும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. சும்மா இருக்கும்போது 0.8 வோல்ட், 1.6 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கேமில் அது 1.2 வோல்ட், 4 கிகாஹெர்ட்ஸ் ஆகிறது. மின்னழுத்தம் ஒன்றரை மடங்கு. அதன் வர்க்கம் 2.25. அதிர்வெண் 2.5 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சுமார் 5.6 மடங்கு திறன். கிராஃபிக்ஸ் சிப் எடுப்பது தனி. எடுத்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும்.

ஆக, கேம் ஆடும்போது இரண்டு பாரம் ஒன்றாக ஏறுகிறது. ஒன்று வெப்பம், இன்னொன்று மின்சாரம். பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

நம்ம ஊர் ராஜபாளையம் நாயைப் பாருங்கள். ஓடி வந்ததும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சுக்காற்றில்தான் சூட்டைத் தள்ளுகிறது. லேப்டாப்புக்கு அந்த வேலையைச் செய்வது ஃபேனும் ஹீட் சிங்க்கும். வாயைக் கட்டிவிட்டு ஓடவிட்டால் நாய் என்ன ஆகும்? அதே கதைதான்.

பல செயலிகளுக்கு 100 டிகிரி செல்சியஸ் அளவே எல்லை. அதை நெருங்கியதும் செயலி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் இழுத்து இழுத்து ஓடும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் மின்சாரத்தையே துண்டித்துவிடும். அணைவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அது அணைவதாலேயே போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

நோய் கண்டறியும் முறை

திருப்புளியை எடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

1. பத்து, பதினைந்து நிமிடம் ஆடியபின் அணைந்து, உடனே போட்டால் மறுபடி சீக்கிரம் அணைந்து, ஆறவிட்டுப் போட்டால் நன்றாக ஓடினால்: வெப்பம்.

2. கேம் தொடங்கிய ஓரிரு நிமிடத்தில், உடம்பு சூடாகும் முன்பே அணைந்தால்: அடாப்டர் அல்லது பேட்டரி.

3. சார்ஜர் மாட்டினால் ஓடி, கழற்றினால் அணைந்தால்: பேட்டரி.

4. நீலத்திரை காட்டிவிட்டு நின்றால்: மெமரி, டிரைவர் பக்கம் முதலில் பார்க்க வேண்டும்.

5. முறையாக 'ஷட்டிங் டவுன்' என்று எழுத்துக் காட்டி அணைந்தால்: அப்டேட் அல்லது செட்டிங்.

விண்டோஸில் 'ஈவன்ட் வியூவர்' என்று ஒன்று உண்டு. அதில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு இருந்தால் மெஷின் முறையாக மூடப்படாமல் நின்றது என்று பொருள். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது. பலர் இதைப் பார்த்ததும் பவர் சப்ளை போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள், அது தவறு.

அடுத்து வெப்ப அளவு. ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'சென்சார்ஸ்' கட்டளையில் பார்க்கலாம். என் மெஷினில் சும்மா இருக்கும்போதே 61 டிகிரி. கேம் போட்ட 12ஆம் நிமிடம் 99. 14ஆம் நிமிடம் அணைந்தது. இதை நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி வைக்காத அளவு அளவே இல்லை என்று லேபில் சொல்வார்களே, அது இங்கேதான் புரிந்தது.

செய்முறை

மெஷினை அணைத்து, அடாப்டரைக் கழற்றி, அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். இரும்புக் கட்டில், கேட் என்று ஏதாவது பெரிய உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை விடுங்கள். திருகுகள் ஒரே நீளம் இருக்காது. ஓர் அட்டையில் மெஷின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைக் குழியில் முறுக்கினால் போர்டை ஓட்டை போட்டுவிடும்.

ஃபேனைக் கழற்றினேன். அதற்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. எங்கள் வீட்டுத் தறியில் பறந்த அதே பஞ்சு! ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்றுதான் வெளியேற வழியில்லை. ராஜபாளையம், சத்திரப்பட்டி பக்கம் மில்லோ தறியோ அருகில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதை முதலில் பாருங்கள்.

ஊதி எடுக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். மோட்டார் ஜெனரேட்டர் ஆகி மின்சாரமும் பாயலாம். பிறகு ஹீட் சிங்க்கைத் திறந்து, காய்ந்த பழைய பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதுத் தெர்மல் பேஸ்ட் சிறிதளவு வைத்தேன். இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே உள்ள நுண்ணிய காற்று இடைவெளியை நிரப்புவதுதான் அதன் வேலை. நிறைய அப்பினால் நல்லது என்று எண்ண வேண்டாம்.

மாட்டியபின் சும்மா இருக்கையில் 48 டிகிரி. ஒரு மணி நேரம் ஆடியும் 84 டிகிரியைத் தாண்டவில்லை. செலவு பேஸ்டுக்கும் ஆல்கஹாலுக்கும் சேர்த்து 310 ரூபாய்.

ஒரே அறிகுறி, வேறு நோய்

இதைக் கேட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பன், தன் மெஷினும் கேமில் அணைகிறது என்று என்னைக் கூட்டிப்போனான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அளவு எடுக்காமல் நேராகத் திறந்து சுத்தம் செய்தேன். அப்படியும் அணைந்தது! பிறகுதான் வெப்பத்தைப் பார்த்தேன்: 70 டிகிரியிலேயே, ஒன்றரை நிமிடத்தில் அணைகிறது. அப்போது அடாப்டரைத் திருப்பிப் பார்த்தோம். 19 வோல்ட், 3.42 ஆம்பியர், பெருக்கினால் 65 வாட். அவன் மெஷினுக்கு வேண்டியது 120 வாட். பழையது உடைந்ததும், பின் பொருந்துகிறதே என்று மலிவாக வாங்கியிருக்கிறான்.

கணக்கைப் பாருங்கள். செயலி 45 வாட், கிராஃபிக்ஸ் 50, திரையும் மற்றவையும் 15, மொத்தம் 110. அடாப்டர் 65 போக, மீதி 45 வாட்டை பேட்டரி தர வேண்டும். மூன்று செல் பேட்டரி சார்ஜ் இறங்கி 10.5 வோல்ட்டில் இருந்தால், 45 ÷ 10.5 = சுமார் 4.3 ஆம்பியர். பழைய பேட்டரியின் உள்தடை 0.4 ஓம் என்று கொண்டால் 1.7 வோல்ட் உள்ளேயே விழும். மிச்சம் 8.8, செல்லுக்கு 3 வோல்ட்டுக்கும் கீழே. பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். ஓம் விதிதான், வேறொன்றுமில்லை. சரியான அடாப்டர் போட்டதும் நின்றது.

'சாயங்காலம் கரன்ட் லோ வோல்டேஜ், அதனால்தான் அணையுது' என்று சிலர் ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அதன் முதுகிலேயே எழுதியிருக்கும், முதலில் படியுங்கள்.

எச்சரிக்கை

பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். லித்தியம் அயனி செல் தீப்பிடிக்கக்கூடியது. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செல் கொண்ட சுமார் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளை இந்தக் காரணத்துக்காகவே திரும்பப் பெற்றது. இதில் மட்டும் கைவேலை வேண்டாம். மெத்தை, தலையணை மேல் வைத்து ஆடுவதும் கூடாது. காற்று போகும் வழி பெரும்பாலும் அடிப்பக்கம்தான்.

முடிவுரை

நண்பர்களே, என் வீட்டில் சரியாகப் பார்த்தது 7,500 ரூபாயைக் காப்பாற்றியது. நண்பன் வீட்டில் பார்க்காமல் கை வைத்தது ஒரு நாளை வீணாக்கியது. இரண்டையும் செய்தவன் ஒருவனே. அதனால் முதலில் அளவு, பிறகு காரணம், கடைசியில்தான் திருப்புளி.

அந்தப் பஞ்சுத் துண்டை அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "தறியிலயும் இதைத்தானடா தினமும் தட்டிவிடுறேன்" என்றார். இப்போது சனிக்கிழமை தறியைத் துடைக்கும்போது என் மெஷினையும் ஞாபகப்படுத்துகிறார். கேம் ஆடுவதைப் பற்றியும் அன்றே சொல்லிவிட்டேன். திட்டு விழுந்தது, தவணையும் ஒழுங்காகப் போகிறது.



மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு