சுத்தி செய்த கழிவு நீரில் புங்க மரச் சாகுபடி

காஞ்சீபுரத்தைச் சுற்றியுள்ள நிலங்கள் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியவை. மழை தவறிய வருஷங்களில் அவை வற்றினும், நகரத்தின் கழிவு நீர் வற்றுவதில்லை. அந்நீரைச் சுத்தி செய்து, உணவுப் பயிர்களுக்கன்றி எரிபொருள் தரும் மரங்களுக்குப் பாய்ச்சுதல் நிலச்சொந்தக்காரர்கள் ஆலோசிக்கத்தக்கதாகும்.

இதற்குப் புங்க மரம் ஏற்றது. அது ஓரளவு உவரைத் தாங்கும். வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் சேர்க்கும். விதையில் நூற்றுக்குச் சுமார் 30 பங்கு எண்ணெய் உண்டு. அதனை மெதனாலுடன் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் டீசலுக்குப் பதிலாக உபயோகிக்கலாம். பிண்ணாக்கு நல்ல எருவாகும். 15 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 190 மரங்கள் கொள்ளும். காய்ப்புக்குச் சில வருஷங்கள் பொறுத்திருத்தல் வேண்டும்.

கழிவு நீரில் எருவும் உண்டு, உப்பும் உண்டு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்துள்ள நீரை ஏக்கருக்கு 10 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், 20 கிலோ தழைச்சத்துச் சேரும். அந்நீரிலேயே லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பிருந்தால், 2,000 கிலோ உப்பும் நிலத்தில் இறங்கும். லாபத்தை மட்டும் எண்ணி நஷ்டத்தை மறத்தல் கூடாது.

பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சுவர்; பின்னர்ச் சாயம் ஏற்றுவர். இந்நீர் நகரச் சாக்கடையில் கலந்தால் சோடியம் உப்பு மிகும். சாதாரணச் சுத்திகரிப்பு அழுக்கைக் குறைக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்காது. சோடியம் மிகுந்தால் மண் இறுகி, நீர் இறங்காமல், நிலம் களராகும். திருப்பூர்ச் சாய நீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையைச் சார்ந்த கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது யாவரும் அறிந்ததே. 2011-ஆம் வருஷத்தில் அவ்வூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. நடுமுன் நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புக. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனக் கணக்கின்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைந்தால் தீங்கில்லை. 2,000-க்கு மேற்பட்டால் அபாயம் அதிகம்.

2. வடிகால் வசதியுள்ள நிலத்தையே தெரிந்தெடுக்கவும். நீர் தேங்கும் களிமண் ஆகாது.

3. வடகிழக்குப் பருவ மழையில் கழிவு நீரை நிறுத்தி, மழை நீரால் உப்பு வடிந்தோட விடுக. களர் தோன்றினால் பரிசோதனைப்படி ஜிப்ஸம் இடுக.

4. குடிநீர்க் கிணற்றருகே பாய்ச்சற்க. ஊடுபயிராகக் கீரையும் காய்கறியும் பயிரிடற்க.

சாய நீரைச் சாக்கடையில் கலவாமல் தனியே பிரித்துச் சுத்தி செய்தாலன்றி இம்முயற்சி நிலைக்காது. ஆகவே கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும், நீர் எங்கிருந்து வருகிறதென்று விசாரித்து, வருஷந்தோறும் பரிசோதனை நடைபெறச் செய்தல் கடமையாகும். கிடைக்கும் நீரெல்லாம் பாசன நீரன்று. உப்பறிந்து பாய்ச்சுபவனே நிலத்தைச் சந்ததிக்கு விட்டுச் செல்வான்.